அவுட்டோர் ஷூட்டுக்கு எதை உடுத்துவது? மாமல்லபுரத்தை வைத்து ஒரு வழிகாட்டி

ஷூட்டுக்குத் தேதி குறித்த அன்று ராத்திரியே வாட்ஸப்பில் கேள்வி வந்துவிடும்: "அக்கா, என்ன டிரெஸ் எடுக்கட்டும்?" கூடவே நான்கைந்து படங்களும் வரும். எங்கேயோ குளிர்நாட்டில் ஒரு கோதுமை வயல், மாலை வெயில், வெளிர் ரோஸ் கவுனில் ஒரு பெண். படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வெயில் வேறு, அந்த வயல் வேறு, அந்தப் பெண்ணின் தோல் நிறம் வேறு. அதே கவுனை நம் ஊர்க் கடற்கரையில் காலை எட்டரை மணிக்குப் போட்டுக்கொண்டு நின்றால் அந்தப் படம் வராது.

பன்னிரண்டு வருடமாகச் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் குடும்பங்களைப் படம் எடுக்கிறேன். அதிகம் எடுத்த இடம் மாமல்லபுரம், அதனால் அதை வைத்தே சொல்கிறேன். ஊட்டிக்கோ காரைக்குடிக்கோ போகிறவர்களுக்கும் நடுவில் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஒன்று. இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்த பிறகு பீரோவைத் திறங்கள். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள், கடைக்குப் போய் டிரெஸ் எடுத்துவிட்டு அப்புறம் "எங்கே எடுக்கலாம்" என்று கேட்கிறார்கள். பின்னால் பாறையா, சவுக்குத் தோப்பா, கடலா, வெயில் எந்தப் பக்கமிருந்து விழும், இது தெரியாமல் எந்த நிறம் நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது.

வெயில் எந்தப் பக்கம்?

நம் கிழக்குக் கரையில் சூரியன் கடலுக்கு மேலே எழும்பும், ஊருக்குப் பின்னால் இறங்கும். காலையில் கடலைப் பின்னணியாக வைத்து நின்றால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வருகிறது. முடியின் ஓரத்தில், தோளில், முந்தானை விளிம்பில் பொன் கோடு இழுத்த மாதிரி விழும், முகம் மென்மையாக இருக்கும், கண் கூசாது. எனக்கு ரொம்பப் பிடித்த வெளிச்சம் இதுதான். ஆனால் இந்த வெளிச்சத்தில் மெல்லிய துணி எல்லாம் ஊடுருவித் தெரியும். லைனிங் இல்லாத வெள்ளைக் குர்தி, மெல்லிய காட்டன் பாவாடை, ஜார்ஜெட் என்று எதுவாக இருந்தாலும் உள்ளே கால் இரண்டும் நிழலுருவமாகத் தெரியும். வீட்டில் கண்ணாடி முன்னால் பார்த்தால் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே வெளிச்சம் முன்னாலிருந்து விழுகிறது.

அதனால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். வெயில் வருகிற வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, எதிரே இருப்பவரைப் போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கால் தெரிந்தால் குர்திக்கு உள்ளே ஸ்லிப், சேலைக்கு அதே நிறத்தில் கெட்டியான உள்பாவாடை. ஆண்களுக்கும் இது உண்டு. மெல்லிய சட்டைக்குள் வெள்ளைப் பனியன் போட்டால் அதன் கழுத்தும் கை விளிம்பும் கோடு கோடாகத் தெரியும். தோல் நிறத்துக்கு நெருங்கிய பனியன் போட்டால் தெரியாது.

மாலையில் எல்லாம் மாறிவிடும். கடலைப் பின்னால் வைத்தால் இறங்குகிற வெயில் நேராக முகத்தில் விழும், கண் சுருங்கும், வெளிர் நிறத் துணி பளீரென்று எரியும். காற்றும் கடலிலிருந்து பலமாக அடிக்கும், முதுகுப் பக்கமிருந்து முடியைத் தூக்கி முகத்தில் போடும், முந்தானை முன்னால் வந்து சுற்றிக்கொள்ளும். மாலை ஷூட் என்றால் கொஞ்சம் அடர்ந்த நிறமும் கொஞ்சம் கனமான துணியும் நல்லது, முடியைப் பின்னிக்கொண்டு வாருங்கள் அல்லது கொண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

மே மாதம் சென்னைப் பக்கம் 5.40-க்கெல்லாம் சூரியன் வந்துவிடும். தை மாதத்தில் 6.30 ஆகிவிடும். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் எல்லாம் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். ஆகவே கோடையில் உதயத்தைக் கோயில் வளாகத்துக்குள் பிடிக்க முடியாது, வெளியே மணலில் தொடங்கிவிட்டு அப்புறம் உள்ளே போகலாம். கேமரா முக்காலி, பெரிய லைட் கொண்டுபோக வேண்டுமென்றால் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதை உங்கள் போட்டோகிராபர் பார்த்துக்கொள்வார். உங்களுக்கு இதில் முக்கியமான விஷயம் வேறு: சென்னையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டும், அதாவது விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து உடுத்த வேண்டும். பதினெட்டு ஊக்கு குத்தி, யாராவது வந்து கொசுவம் பிடித்தால்தான் நிற்கும் என்கிற சேலையை அன்றைக்கு எடுக்காதீர்கள். உங்கள் கை பழகிய சேலையாக இருக்கட்டும்.

"நான் கறுப்பு, எனக்கு டார்க் கலர் எடுபடாது"

இந்த வாக்கியத்தை நான் கேட்காத மாதமே இல்லை. சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. சின்ன வயதிலிருந்து ஜவுளிக்கடையில், வீட்டில், கல்யாணத்தில் யாராவது சொல்லிச் சொல்லி மனதில் ஏறிப்போன வாக்கியம் அது. நான் வேலை கற்றுக்கொண்ட ஸ்டுடியோவில் முகத்தை இரண்டு மூன்று படி வெளுக்க வைத்துத்தான் பிரிண்ட் போடுவார்கள், கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமாக இருக்கும், அதையே நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் வாங்கிப் போவார்கள். பிலிம் காலத்து லேபுகளில் நிறம் சரிபார்க்க வைத்திருந்த கோடாக்கின் மாதிரி அட்டையில்கூடப் பல வருடங்கள் வெள்ளைத் தோல் பெண்தான் இருந்தாள், ஷெர்லி கார்டு என்று அதற்குப் பெயர். அந்த அட்டைக்குப் பொருந்தாத முகம் எல்லாம் தப்பு மாதிரி ஆகிப்போனது.

போன தையில் ஒரு அக்கா வந்திருந்தார், ஐம்பது வயது இருக்கும், மகளும் மருமகனும் கூட. கையில் இரண்டு பை. ஒன்றில் இந்த ஷூட்டுக்கென்றே மகள் வாங்கிக் கொடுத்த வெளிர் கத்தரிப்பூ நிற ஜார்ஜெட் சேலை. இன்னொன்றில் அவருடைய அம்மாவின் பழைய கண்டாங்கி, கடுகு மஞ்சளில் அரக்குக் கட்டம், அகலமான பார்டர். "இதைச் சும்மா எடுத்து வந்தேன், எனக்கு நல்லா இருக்காது" என்றார். இரண்டிலும் எடுப்போம் என்று சொல்லி, சவுக்கு நிழலில் ஒரே இடத்தில், ஒரே திசையில் நிற்க வைத்து எடுத்தேன். கத்தரிப்பூ நிறத்தில் முகம் சாம்பல் பூத்த மாதிரி, தூங்காத மாதிரி இருந்தது. நிழலில் வருகிற வெளிச்சம் வானத்தின் நீலத்தைக் கொண்டுவரும், துணியும் அதே குளிர்ந்த நிறம், இரண்டும் சேர்ந்து முகத்தின் சூட்டை எடுத்துவிட்டன. கண்டாங்கியில் தலைகீழ். மஞ்சள் துணியில் பட்ட வெளிச்சம் தாடைக்குக் கீழே, கழுத்தில், கன்னத்துக்கு அடியில் மெல்ல ஏறி, தோல் செம்பு மாதிரி மினுங்கியது. கேமராவின் பின்திரையில் இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கேமராவை வாங்கி, மூக்குத்தி வரைக்கும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "எங்கம்மா மாதிரியே இருக்கேன்" என்றார்.

நம் தோலுக்கு அடர்ந்த நிறங்களும் சூடான நிறங்களும் அவ்வளவு பொருந்தும்: கடுகு மஞ்சள், அரக்கு, செங்கல் நிறம், ராமர் பச்சை, மயில்கழுத்து, நாவல்பழ நிறம், எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரிலேயே காஞ்சிபுரத்தில் வழங்குகிற எம்.எஸ். புளூ. நம் நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வெயிலையும் இந்தத் தோலையும் பார்த்துப் பார்த்துச் சாயம் போட்டவர்கள், அவர்கள் கணக்கு தப்பாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சிக்கல் வருவது பளீர் வெள்ளையில்தான். கேமராவின் மீட்டர் தனக்கு முன்னால் இருப்பதை எல்லாம் சராசரியாக ஒரு நடுச்சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் வெளிச்சத்தை அளக்கிறது. படத்தில் பாதி வெள்ளைச் சட்டை என்றால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். முகத்துக்காக வெளிச்சத்தைக் கூட்டினால் சட்டை வெந்துபோகும், பட்டனும் தெரியாது, மடிப்பும் தெரியாது. முகத்தைக் கண்டுபிடித்து அளக்கிற புதுக் கேமராக்களில் முகம் தப்பித்துக்கொள்ளும், ஆனால் நேர் வெயிலில் சட்டை போய்விடும். வெள்ளை வேண்டும் என்றால் சந்தன நிறம், பால் வெள்ளை, பச்சரிசி நிறம் இப்படிக் கொஞ்சம் தணிந்ததாக எடுங்கள். சூரியன் ஏறுவதற்கு முன்பான வெளிச்சத்தில் அது அருமையாக வரும்.

வேட்டி கட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். நன்றாக வெளுத்த வேட்டியில், சொட்டு நீலம் போட்ட வேட்டியில், நிழலில் எடுத்தால் ஒரு நீலம் ஓடும். பக்கத்தில் சந்தன நிறப் பட்டுச் சட்டை இருந்தால் அந்த நீலம் இன்னும் பளிச்சென்று தெரியும். சட்டையும் வேட்டியும் ஒரே வெள்ளையா என்று பகல் வெளிச்சத்தில், வாசலில் வைத்துப் பாருங்கள், டியூப் லைட்டில் பார்க்காதீர்கள்.

பின்னணிக்கு ஏற்ற நிறம்

மாமல்லபுரத்துப் பாறை பழுப்பும் சாம்பலும் கலந்த கருங்கல், காலை வெயிலில் தேன் நிறத்துக்கு வரும். மணலும் கிட்டத்தட்ட அதே குடும்பம். காக்கி, பிஸ்கட் கலர், சாம்பல், வெளிர் பழுப்பு இதெல்லாம் போட்டு நின்றால் ஆள் பாறையோடு பாறையாகப் போய்விடுவார், தலை மட்டும் தனியாகத் தெரியும். அவுரி நீலம், அரக்கு, ராமர் பச்சை, கடுகு மஞ்சள் எல்லாம் அந்தக் கல்லுக்கு முன்னால் எடுப்பாக நிற்கும்.

நிறத்தைப் பற்றிக் குழப்பமாக இருந்தால் போனில் உள்ள கறுப்பு வெள்ளை பில்டரைப் பயன்படுத்துங்கள். டிரெஸ்ஸைப் போட்டுக்கொண்டு, பின்னணிக்கு ஒத்த நிறமுள்ள ஒரு சுவர் முன்னால் நின்று படம் எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். முகம், துணி, சுவர் மூன்றும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த டிரெஸ் வேண்டாம். மூன்றும் வெவ்வேறு அழுத்தத்தில் இருந்தால் தைரியமாகப் போடலாம். நிறத்தின் அழகில் கண் ஏமாந்துபோகும் இடத்தை இது காட்டிக்கொடுத்துவிடும்.

புல்வெளியில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெயில் புல்லில் பட்டு மேலே எழும்பும்போது பச்சையைத் தூக்கிக்கொண்டு வரும், உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தாடைக்கு அடியிலும் வெள்ளைத் துணியிலும் அந்தப் பச்சை ஒட்டும். துணியும் இப்படித்தான் பக்கத்தில் இருப்பவர் மேல் நிறம் அடிக்கும். ஒரு தடவை பிளோரசன்ட் பச்சை டி-சர்ட் போட்ட மூன்று வயதுப் பையனை அவன் அத்தை இடுப்பில் வைத்திருந்தார்கள், நாற்பது படங்களில் அவர்கள் கன்னம் ஒரு பக்கம் பச்சை. சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. பிளோரசன்ட் நிறம் எதுவும் வேண்டாம், குழந்தைகளுக்கும் வேண்டாம்.

வாடாமல்லி, மிட்டாய் ரோஸ் மாதிரி அழுத்தமான நிறங்கள் இன்னொரு வகை. நேரில் பார்க்கப் பிரமாதமாக இருக்கும், நேர் வெயிலில் கேமராவில் அந்தச் சிவப்பு நிரம்பி வழிந்துவிடும், கொசுவ மடிப்பெல்லாம் காணாமல் போய் பெயின்ட் அடித்த மாதிரி ஆகிவிடும். அந்தச் சேலைதான் ஆசை என்றால் தாராளமாகக் கட்டுங்கள், நிழலிலோ இளவெயிலிலோ எடுக்கும்படி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள், போட்டோகிராபரிடமும் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

மற்ற ஊர்கள் பற்றிச் சுருக்கமாக. காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் தரையில் ஆத்தங்குடி டைல்ஸ், சுவரில் வேலைப்பாடு, தூணில் வேலைப்பாடு. அங்கே போய்ப் பூப்போட்ட சேலை கட்டினால் கண் எங்கே நிற்பது என்றே தெரியாமல் அலையும், ஆகவே பிளெயின் உடல், பார்டர் மட்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், நான்கு மணிக்கு மேல் குளிர் ஏறிவிடும். மெல்லிய சேலையில் வந்து தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், உடம்பு குறுகினால் எந்த டிரெஸ்ஸும் எடுபடாது. உள்ளே தெர்மல் போட்டுக்கொள்ளுங்கள், மேலே நல்ல சால்வை, தேயிலைப் பச்சைக்கு முன்னால் சிவப்போ கடுகு மஞ்சளோ. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில் செம்மண் வெளிச்சம் எல்லாவற்றின் மேலும் ஏறும், அங்கே வெள்ளை வெள்ளையாக இருக்காது, நீலமும் கறுப்பும் நன்றாக வரும்.

குடும்பமாக எடுக்கும்போது

எல்லோரும் ஒரே மாதிரி டி-சர்ட் போட்டுக்கொண்டு வருவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, புரிகிறது. ஆனால் ஐந்து பேர் ஒரே நிறத்தில் நெருங்கி நின்றால் யார் தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாது, பெரிய நிறத் திட்டு மேல் ஐந்து தலை இருக்கும். டி-சர்ட்டில் எழுத்து இருந்தால் இன்னும் மோசம், பார்க்கிறவர் முதலில் எழுத்தைப் படிப்பார், அப்புறம்தான் முகம்.

நான் சொல்லும் வழி இது. வீட்டில் ஒரே ஒரு துணியை முதலில் எடுங்கள், பெரும்பாலும் அது அம்மாவின் சேலையாக இருக்கும். அதில் உடல், பார்டர், புட்டா என்று மூன்று நிறங்களாவது இருக்கும், மற்றவர்களுக்கு அதிலிருந்து ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுங்கள். அரக்கு உடல், கடுகு பார்டர், உள்ளே சின்னச் சின்ன மயில்கழுத்துப் புட்டா என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குச் சந்தன நிறச் சட்டையும் அரக்குக் கரை வேட்டியும், பெரியவளுக்கு மயில்கழுத்துப் பாவாடை, சின்னவனுக்குக் கடுகு மஞ்சள் குர்தா. பாட்டி? பாட்டிக்கு எதுவும் வாங்காதீர்கள். அவர்கள் தினமும் கட்டுகிற சுங்குடியில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், புதுச் சேலையில் அவர்கள் கை இருபது நிமிடத்துக்கு முந்தானையைச் சரிசெய்துகொண்டே இருக்கும், பழகிய சேலையில் அந்தக் கை பேரன் தலைமேல் போகும்.

எல்லாவற்றையும் கட்டிலில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகப் பரப்பி, ஜன்னலைத் திறந்து வைத்து, ஒரு படம் எடுத்து போட்டோகிராபருக்கு அனுப்புங்கள். ஒரு வாரம் முன்னாடியே அனுப்பினால் மாற்ற நேரம் இருக்கும். முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்பினால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும், வேறு வழியில்லை.

குழந்தைகளுக்குப் புது ஜரிகை குத்தும், கழுத்துப் பட்டையில் லேபிள் உறுத்தும், அழுகை அங்கேதான் ஆரம்பிக்கிறது. பட்டுப்பாவாடை என்றால் உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் இருக்கட்டும். புதுத் துணி என்றால் வீட்டில் ஒரு மணி நேரம் போட்டு விளையாட விடுங்கள். இட்லி ஊட்டி, வாய் துடைத்து, அதற்கப்புறம் டிரெஸ்.

துணி, கட்டம், அளவு

மிகச் சின்னக் கட்டம், நெருக்கமான மெல்லிய கோடு போட்ட சட்டைகள் கேமராவுக்கு ஆகாது. கேமராவுக்குள் படத்தைப் பிடிக்கிற சென்சாரிலும் புள்ளிகள் கட்டம் கட்டமாகத்தான் இருக்கின்றன, சட்டைக் கட்டமும் அந்தக் கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது வானவில் மாதிரி அலை அலையாக ஒன்று ஓடும், முவாரே என்று சொல்வோம். ஒரு மாப்பிள்ளை ஆபீசுக்குப் போடுகிற நெருங்கிய கட்டம் போட்ட நீலச் சட்டையில் வந்தார், நெஞ்சு முழுக்க அந்த அலை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, சட்டையை ஹேங்கரில் மாட்டி ஏழெட்டு அடி தள்ளி நின்று பாருங்கள். கட்டம் தனித்தனியாகத் தெரிந்தால் பரவாயில்லை. கலங்கி மினுமினுத்தால் விட்டுவிடுங்கள். பெரிய கட்டம் எப்போதும் நல்லதுதான், கண்டாங்கி அதற்குச் சாட்சி.

பட்டு பற்றிக் கேட்பார்கள். காலை ஏழு மணிக்கு ஜரிகை தணலாக ஒளிரும், பத்து மணிக்கு அதே ஜரிகை வெள்ளை வெள்ளைப் புள்ளியாக வெட்டும். சீக்கிரம் வர முடிந்தால் பட்டு, இல்லையென்றால் காட்டன். காட்டனில் கஞ்சி கொஞ்சமாக இருக்கட்டும், அதிகம் போட்டால் உட்கார்ந்து எழுந்ததும் மடிப்பு மடிப்பாக உடையும். லினன் சட்டை கசங்கத்தான் செய்யும், அதைச் சுகமாக எடுத்துக்கொள்கிறவர்கள் போடலாம்.

வியர்வை நம் ஊரில் தவிர்க்க முடியாது. வெளிர் சாம்பல், வான நீலம் இரண்டிலும் அக்குள் நனைந்தால் அப்படியே தெரியும். அடர் நீலம், கறுப்பு, நெருக்கமான பிரிண்ட் இதிலெல்லாம் தெரிவது குறைவு. சந்தேகமாக இருந்தால் சட்டையில் ஒரு ஓரத்தைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள், ஐந்து நொடி வேலை.

அளவில் நான் கறாராக இருப்பது பிளவுஸ் விஷயத்தில். ஷூட்டுக்காகத் தைத்து முதல் நாள் கைக்கு வந்த பிளவுஸ் பாதி நேரம் இறுக்கமாகவே இருக்கிறது, கையைத் தூக்கினால் ஏறிக்கொள்கிறது. போட்டுக்கொண்டு ஒரு முறை கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், தரையில் உட்காருங்கள், குனிந்து குழந்தையைத் தூக்குங்கள். ஆண்கள் சட்டை போட்டு உட்கார்ந்து பாருங்கள், பட்டன்களுக்கு நடுவில் கண் திறக்கிற மாதிரி இடைவெளி வந்தால் ஒரு சைஸ் பெரிதாக வேண்டும். கை எந்த இடத்தில் முடிகிறதோ அந்த இடத்தில் பார்வை நிற்கும், புஜத்தைப் பற்றிக் கூச்சம் இருப்பவர்கள் முழங்கை வரை கை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், ஷூட் முழுக்கக் கையை ஒளிக்கிற வேலை மிச்சமாகும்.

சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் படத்தில் தெரிபவை

வெயில் பட்டால் கறுக்கிற மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் சாதாரணக் கண்ணாடி இருந்தால் அதைக் கொண்டுவாருங்கள். வெளியே வந்த ஓரிரு நிமிடத்தில் அது கூலிங் கிளாஸ் மாதிரி ஆகிவிடும், கண் தெரியாது, எடிட்டில் அதைச் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம். சட்டைப் பையில் போன், பேன்ட் பையில் பர்ஸ், சாவிக்கொத்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுவிடுங்கள். மணிக்கட்டில் ஹேர்பேண்டு மாட்டியிருப்பதை எல்லோருமே மறப்பார்கள். சன்ஸ்கிரீன் போட்டால் வெள்ளைப் பூச்சு படியாத வகையாகப் பார்த்து, கழுத்துக்கும் சேர்த்து, புறப்படுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். தலைக்கு எண்ணெய் முதல் நாளே வைத்துக் குளித்துவிடுங்கள், அன்றைக்கு வைத்தால் நெற்றியில் இறங்கி மினுக்கும். மல்லிகைப் பூவை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

செருப்பு விஷயத்தில், ஹீல்ஸ் மணலில் புதையும், பாறையில் வழுக்கும். அங்கே வெறுங்கால்தான் அழகு, ஆகவே நகத்தையும் குதிகாலையும் முதல் நாள் கவனித்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடும், செருப்பை வண்டியில் விட்டுவிட்டு வராதீர்கள்.

உடை மாற்ற அங்கே தனி இடம் எதிர்பார்க்காதீர்கள். இரண்டு செட் வேண்டும் என்றால், ஒரே பிளவுஸுக்கு இரண்டு சேலை, அல்லது ஒரே பிளெயின் குர்திக்கு இரண்டு துப்பட்டா என்று யோசியுங்கள். மூன்றாவது செட் என்று ஒன்று வேண்டவே வேண்டாம். மாற்றுகிற இருபது நிமிடத்தில் அந்த வெளிச்சம் போய்விடும், திரும்பி வராது.

புறப்படும்போது சட்டை போடாதீர்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு சீட் பெல்ட் மாட்டிக்கொண்டு இசிஆரில் ஒரு மணி நேரம் வந்தால் நெஞ்சுக்குக் குறுக்கே ஆழமாக ஒரு கோடு விழுந்திருக்கும், எந்தக் கோணத்தில் எடுத்தாலும் தெரியும். டி-சர்ட்டில் வாருங்கள், சட்டையை ஹேங்கரோடு பின்சீட்டில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கிப் போடுங்கள். சேலை கட்டி வருகிறவர்கள் பெல்ட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய துண்டு வைத்துக்கொண்டால் முந்தானை மடிப்பு நிற்கும். பையில் பத்து ஊக்கு, ஒரு சீப்பு, டிஷ்யூ, முகம் ஒற்றிக்கொள்ள ஒரு பருத்திக் கைக்குட்டை, தண்ணீர்.

வீட்டுக்குத் திரும்பியதும் களைப்பில் சேலையை மடித்து பீரோவில் வைத்துவிடாதீர்கள். கடல் உப்பு ஜரிகையைக் கறுக்க வைக்கும். முதலில் மணலை உதறுங்கள், ஓரம் கடல் தண்ணீரில் நனைந்திருந்தால் அந்த ஓரத்தை மட்டும் சாதாரணத் தண்ணீரில் அலசி, பிழியாமல் துண்டால் ஒற்றி, முழுச் சேலையையும் நிழலில் ஒரு ராத்திரி விரித்துப் போடுங்கள். மறுநாள் மடிக்கும்போது பழைய மடிப்பின் மேலேயே மடிக்காமல் இடத்தை மாற்றி மடியுங்கள்.